எங்க தலைக்கு மேல டவர் வேணாம்: ட்ரான்ஸ்மிஷன் லைன் சண்டைய முதல்ல இருந்து புரிஞ்சுக்கலாம்

ஊரை ஒட்டிப் போற 110 கேவி ட்ரான்ஸ்மிஷன் லைனை (பெரிய டவர் வழியா மின்சாரத்த தூரத்துக்குக் கொண்டு போற லைன்) 230 கேவிக்கு மாத்தப் போறோம்னு மின் கம்பெனி ஒரு நோட்டீஸ் விடும். மறுநாளே "வோல்டேஜ் டபுள், ரேடியேஷனும் டபுள்"னு ஒரு ஃபார்வர்ட் சுத்த ஆரம்பிச்சிடும். அடுத்த வாரம் மீட்டிங், பேனர், கையெழுத்து வேட்டை. அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம், "வீட்ல ஏசி ஓடணும், டவர் மட்டும் பக்கத்து ஊர்ல நிக்கணுமா"ன்னு நக்கல் அடிக்கும். நகராட்சி தீர்மானம் போடும், கம்பெனி கோர்ட்டுக்குப் போகும், வருஷக்கணக்கா இழுக்கும்.

உலகத்துல எந்த மூலைல இந்த சண்டை நடந்தாலும் வசனம் கிட்டத்தட்ட இதேதான். எனக்கு என்ன எரிச்சல்னா, எதிர்க்கிறவங்க கைல நல்ல பலமான கேள்வி நாலஞ்சு இருக்கும், அதையெல்லாம் விட்டுட்டு இருக்கறதுலயே பலவீனமான ரேடியேஷன் விஷயத்தப் புடிச்சு தொங்குவாங்க. ஆதரிக்கிறவங்களும் அந்த ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு ஜெயிச்ச மாதிரி எழுந்து போயிடுவாங்க. அதனால அடிப்படைல இருந்து போவோம். ஸ்கூல் பிசிக்ஸ் மறந்து போனவங்களுக்கும் புரியற மாதிரிதான் எழுதறேன்.

வோல்டேஜ் வேற, கரண்ட் வேற

நம்ம பேச்சுலயே ஒரு சிக்கல் இருக்கு. "கரண்ட் போச்சு", "கரண்ட் பில்லு", "கரண்ட் கம்பி"ன்னு எல்லாத்தையும் கரண்ட்னே சொல்லிப் பழகிட்டோம். அதனால வோல்டேஜ், கரண்ட், பவர் மூணும் ஒண்ணுதான்னு மனசுல பதிஞ்சு போச்சு. இல்ல, மூணும் வேற வேற.

ஒரு இடத்துக்கு தினமும் ஆயிரம் மூட்டை போகணும்னு வச்சுக்கங்க. வண்டிக்கு பத்து மூட்டை ஏத்தினா நூறு வண்டி ஓடணும். இருபது மூட்டை ஏத்தினா அம்பது வண்டி போதும். போய் சேர்ற சரக்கு ரெண்டுலயும் அதே ஆயிரம்தான். ஒரு வண்டில எவ்ளோ ஏத்துறோமோ அதுதான் வோல்டேஜ். ரோட்ல எத்தனை வண்டி ஓடுதோ அதுதான் கரண்ட். மொத்தமா போய் சேர்ற சரக்குதான் பவர். கேவின்னா கிலோவோல்ட், அதாவது ஆயிரம் வோல்ட், அவ்ளோதான்.

இப்ப ரோட்டு நெரிசலப் பாருங்க. நெரிசல் வண்டி எண்ணிக்கையப் பொறுத்தது. கம்பிலயும் அப்படித்தான், சூடாகி வீணாப் போற பவர் கரண்ட்டைப் பொறுத்ததுதான், அதுவும் நேர்க்கணக்கு இல்ல, கரண்ட் ரெண்டு மடங்கானா வீணாகறது நாலு மடங்காகும். ஒரு நிஜ கணக்கு பார்ப்போம். 100 மெகாவாட் பவர் அனுப்பணும். 110 கேவி லைன்ல அனுப்பினா ஒவ்வொரு கம்பிலயும் சுமார் 525 ஆம்பியர் கரண்ட் ஓடும். அதே 100 மெகாவாட்டை 230 கேவில அனுப்பினா சுமார் 250 ஆம்பியர் போதும். கம்பி அதேன்னா வீணாகற பவர் கால் பங்குக்கும் கீழ இறங்கிடும். தூரமா அனுப்பறதுன்னா வோல்டேஜை ஏத்துறதுக்கு காரணம் இதுதான், வேற மர்மம் ஒண்ணும் இல்ல.

சுருக்கமா: வோல்டேஜ் ஏறினா, அதே பவருக்கு கரண்ட் குறையும். இத ஞாபகம் வச்சுக்கங்க, கீழ ரேடியேஷன் பத்தி பேசும்போது இதுதான் கதையையே திருப்பிப் போடப் போகுது.

"அப்கிரேட்"னு ஒரே வார்த்தை, உள்ள மூணு வேலை

நோட்டீஸ்ல அப்கிரேட்னு மட்டும்தான் போட்டிருக்கும். அது மூணுல எது வேணா இருக்கலாம், மூணும் ஊருக்கு வேற வேற விதமா உறைக்கும்.

இது புரியணும்னா முதல்ல ஒரு லைனுக்கு எல்லை எங்க வருதுன்னு தெரியணும். துணி காயப்போடற கொடிய நினைச்சுக்கங்க. கட்டும்போது விறைப்பா இருக்கும், ஈரத்துணி போடப்போட நடுவுல தொங்கும். ட்ரான்ஸ்மிஷன் கம்பியும் ரெண்டு டவருக்கு நடுவுல தொங்கித்தான் நிக்கும், ஆனா அத இன்னும் கீழ தொங்க வைக்கிறது எடை இல்ல, சூடு. கரண்ட் அதிகமா ஓடினா அலுமினியம் சூடாகி நீளும், நீண்டா கீழ இறங்கும். கீழ இருக்கற மரத்துக்கோ ரோட்டுக்கோ ரொம்ப கிட்ட வந்துடக் கூடாது. பல லைன்கள்ல எல்லைங்கறது இதுதான். கம்பி உருகிடும்னு இல்ல, தொங்கிடும்னுதான் பயம். இந்தத் தொங்கலுக்கு பேரு சாக்.

முதல் வழி, டவரை அப்படியே விட்டுட்டு கம்பிய மட்டும் மாத்தறது. இதுக்கு ரீகண்டக்டரிங்னு பேரு. பழைய கம்பி அலுமினிய இழைகளுக்கு நடுவுல ஸ்டீல் வச்சு முறுக்கினது. புது ரகத்துல ஸ்டீலுக்கு பதிலா கார்பன் நார் மாதிரி ஒரு கலவை. சூடானாலும் அது அவ்வளவா நீளாது, எடையும் கம்மிங்கறதால மிச்சமான எடைக்கு அலுமினியத்த கூட வச்சுக்கலாம். அதனால கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கரண்ட்டை தாங்கும். டெக்சாஸோட தென்கோடில 345 கேவி லைன்ல, கம்பி செட்டோட நீளத்த எல்லாம் கூட்டினா சுமார் 240 மைலுக்கு, இப்படி மாத்தினாங்க, 2015ல முடிஞ்சது, அதுவும் லைன ஆஃப் பண்ணாமலேயே. டவர்ல பெருசா மாற்றம் இல்ல.

ரெண்டாவது, வோல்டேஜை ஏத்தறது. இதுலதான் டவர் உயரும். அந்த டவர்ல இருந்து தொங்குற தட்டு தட்டா இருக்கற சரத்த பாத்திருப்பீங்க, பீங்கான் இல்லனா கண்ணாடி, சாசர அடுக்கி வச்ச மாதிரி. அதுதான் இன்சுலேட்டர். அத எண்ணினாலே லைன் எவ்ளோ வோல்டேஜ்னு ஒரு குத்துமதிப்பு கிடைச்சிடும். ஏழெட்டு தட்டுன்னா 110 பக்கம், பதினாலு பக்கம் போனா 220 இல்ல 230, இருபதுக்கு மேலன்னா 400. (நான் பஸ்ல போகும்போதெல்லாம் இத எண்ணிட்டுதான் போவேன், பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.) சரம் நீளமாகும், கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி கூடும், கம்பிக்கும் தரைக்கும் இடைவெளி கூடும், அதனால டவர் பெருசாகியே தீரணும். ஜனங்க வெறுக்கற அந்த உயரமே கீழ நிக்கிறவங்க பாதுகாப்புக்காக வந்ததுதான், கொஞ்சம் வேடிக்கைதான்.

மூணாவது, அதே வழித்தடத்துல இன்னொரு சர்க்யூட்ட சேக்கறது. சர்க்யூட்னா மூணு கம்பி சேர்ந்த ஒரு செட். டவரோட இடது பக்கம் மூணு, வலது பக்கம் மூணுன்னு இருந்தா ரெண்டு சர்க்யூட். உச்சில தனியா மெல்லிசா போறது மின்னலுக்கு, அத கணக்குல சேக்காதீங்க.

எதிர்க்கறதோ ஆதரிக்கறதோ, இந்த மூணுல எதுன்னு தெரிஞ்சுக்காம ஆரம்பிச்சா பேச்சு வீண்.

"லைன் பாதிகூட நிரம்பலையே, எதுக்கு புதுசு?"

எனக்குத் தெரிஞ்சு இந்த சண்டைகள்ல இதுதான் ரொம்ப நல்ல கேள்வி, பதிலும் ரொம்ப தப்பா புரிஞ்சுக்கப்பட்டது இதுக்குத்தான். யாராவது ஒருத்தர் தகவல் கேட்டு வாங்கி, "இந்த லைன் வருஷம் முழுக்க 45 சதவீதத்த தாண்டவே இல்ல, அப்புறம் எதுக்கு அப்கிரேட்"னு கேப்பார். கைதட்டல் பறக்கும்.

நாலு பேர் ஒரு கட்டில தூக்கிட்டுப் போறாங்க. ஒருத்தர் கை வழுக்கி விட்டுட்டார். மிச்சம் மூணு பேரும் அந்த நொடில அவர் பங்கையும் சேர்த்து தாங்கியாகணும். மூணு பேரும் ஏற்கனவே மூச்சு முட்ட தூக்கிட்டு இருந்தா கட்டில் கீழ. அதனால எல்லாரும் முழு பலத்த போடாம தூக்கிட்டுப் போறதுதான் சரியான முறை. மின் வலைலயும் இதே விதிதான், பேரு என் மைனஸ் ஒன். வலைல எந்த ஒரு பாகம் திடீர்னு போனாலும் மிச்சம் இருக்கறது எல்லை தாண்டாம நிக்கணும். பவர் கம்பில காத்திருக்காது, ஒரு லைன் போன அதே கணத்துல அதோட சுமை பக்கத்துல இருக்கற லைன்களுக்கு தானா பாய்ஞ்சிடும், யாரும் ஸ்விட்ச் போட வேண்டியதில்ல.

2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவோட ஒஹாயோ. மதியம் 3:05க்கு ஒரு 345 கேவி லைன் தொங்கி கீழ வளர்ந்து நின்ன மரத்துல பட்டு ட்ரிப் ஆச்சு, அதாவது தானா ஆஃப் ஆச்சு. அப்ப அதுல இருந்த சுமை அதோட எல்லைல 44 சதவீதம்தான். வழித்தடத்துல மரத்த வெட்டாம விட்டதுதான் அங்க குத்தம். அதோட சுமை பக்கத்து லைன்களுக்கு போச்சு. 3:32க்கு ரெண்டாவது லைன், அது 88 சதவீதத்துல இருக்கும்போது மரத்துல பட்டுச்சு. 3:41க்கு மூணாவது, 93 சதவீதம். நாலே கால் மணி ஆகறதுக்குள்ள நியூயார்க், டெட்ராய்ட், கனடால டொரண்டோ வரைக்கும் இருட்டு. சுமார் 5 கோடி பேரு. 44, 88, 93. இந்த மூணு நம்பரயும் ஒருதடவை வரிசையா படிச்சா பாதி காலியா இருக்கற லைன் ஏன் தேவைன்னு புரிஞ்சிடும்.

அப்படின்னா கம்பெனி சொல்றதெல்லாம் வேதவாக்கான்னா, அதுவும் இல்ல. என் மைனஸ் ஒன் கணக்குல ஒரு மாவு மாதிரி இளகின பாகம் இருக்கு, அது பத்து வருஷம் கழிச்சு எவ்ளோ பவர் தேவைப்படும்ங்கற மதிப்பீடு. அத கொஞ்சம் தூக்கிப் போட்டா லைன் கட்டாயமாகும், கொஞ்சம் கீழ போட்டா அவசரமே இல்ல. வாஷிங்டன் மாநிலத்துல சியாட்டிலுக்கு கிழக்க பெல்வியூ பக்கம் நடந்த சண்டை பெரிய அளவுல இதப் பத்தினதுதான். அங்க 115 கேவிய 230 ஆக்கற திட்டம், ரெட்மண்ட், பெல்வியூ, நியூகாசில், ரென்டன் வழியா போறது. எதிர்த்தவங்க தேவை மதிப்பீடே ஊதிப் பெருக்கினது, பேட்டரிய வச்சு சமாளிக்கலாம்னு வாதாடினாங்க. இன்னொண்ணும் கேட்டாங்க, அதே வழித்தடத்துல பூமிக்கடியில பெட்ரோல் போற பைப்லைன் ஓடுது, அதுக்குப் பக்கத்துல குழி தோண்டி பெரிய கம்பம் நடறது பாதுகாப்பான்னு. இது ரேடியேஷன் ஃபார்வர்ட் மாதிரி இல்ல, இன்ஜினியர் உக்காந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

சுருக்கமா: லைன் காலியா இருக்குங்கறது மட்டும் வாதம் ஆகாது. எந்த லைன் போனா எந்த லைன் எல்லை தாண்டுது, எந்த வருஷத்து தேவைய வச்சு அப்படி சொல்றீங்கன்னு கேட்டா அது வாதம்.

ரேடியேஷன்: பாதி உண்மை ரொம்ப வேகமா பரவும்

முதல்ல ஒரு விஷயம். எக்ஸ்ரேவும் அணு உலையும் விடற கதிர்வீச்சும் மின் கம்பியச் சுத்தி இருக்கறதும் ஒரே குடும்பம் இல்ல. கம்பியச் சுத்தி ரெண்டு புலம் இருக்கும். ஒண்ணு மின்புலம், இது வோல்டேஜால வர்றது. இன்னொண்ணு காந்தப்புலம், இது கரண்ட்டால வர்றது. புலம்னா அந்த இடத்துல தொடாமலே தெரியற இழுப்பு, காந்தத்துக்குப் பக்கத்துல ஆணிய கொண்டு போனா கைக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

மின்புலத்த சுவர், மரம், கூரை எல்லாம் பெரும்பாலும் தடுத்துடும். காந்தப்புலம் சுவரத் தாண்டி வரும். உடல்நல ஆராய்ச்சி பெரும்பாலும் பேசறது காந்தப்புலத்த பத்தி. 1979ல அமெரிக்காவோட டென்வர்ல ஒரு ஆய்வு, அதிக கரண்ட் ஓடற கம்பிகளுக்குப் பக்கத்துல இருந்த குழந்தைங்களுக்கு புற்றுநோய் கொஞ்சம் அதிகமா தெரியுதுன்னு சொல்லுச்சு, அங்க இருந்துதான் இந்த பயமே ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் நிறைய ஆய்வு வந்தது. 2002ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இந்த காந்தப்புலத்த 2பி வகைல வச்சது. அதாவது "புற்றுநோய் உண்டாக்கக் கூடிய சாத்தியம் இருக்கலாம்"ங்கற பிரிவு. வீட்ல காந்தப்புலம் சராசரியா 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்த அளக்கற அலகு) மேல இருக்கற குழந்தைங்ககிட்ட ரத்தப் புற்றுநோய் கொஞ்சம் அதிகமா தெரிஞ்ச தொடர்புதான் அதுக்கு அடிப்படை. ஆனா அது எப்படி நடக்கும்னு ஒரு வழிமுறைய யாராலயும் காட்ட முடியல, விலங்குகள் மேல செஞ்ச சோதனைகளும் அத ஆதரிக்கல. சர்வதேச வழிகாட்டுதல் 2010ல பொதுமக்களுக்கு வச்ச எல்லை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு (நம்ம வீட்டுக்கு வர்ற வகை) 200 மைக்ரோடெஸ்லா, அது உடனடி விளைவுகளுக்கான எல்லை. 0.4க்கும் 200க்கும் நடுவுல இருக்கற இந்த பள்ளத்துலதான் ரெண்டு கோஷ்டியும் நின்னு ஒருத்தர் மேல ஒருத்தர் நம்பர எறிஞ்சுக்குறாங்க.

இப்ப மேல சொன்ன வண்டி கணக்குக்கு வாங்க. காந்தப்புலம் கரண்ட்டால வர்றது, வோல்டேஜால இல்ல. அப்ப 110 கேவிய 230 ஆக்கி அதே பவர அனுப்பினா கரண்ட் பாதியாகுது, கம்பியும் உயரத்துக்குப் போகுது, தரைல காந்தப்புலம் பெரும்பாலும் குறையத்தான் செய்யும். மாறா "டவர தொடாதீங்க, கம்பிய மட்டும் மாத்துங்க"ன்னு ஊர் போராடி ஜெயிச்சா, அதே உயரத்துல ரெண்டு மடங்கு கரண்ட் ஓடும்போது காந்தப்புலமும் ரெண்டு மடங்காகும். கண்ணுக்குத் தெரியற டவரும் கண்ணுக்குத் தெரியாத புலமும் எதிரெதிர் திசைல நகர்றத யாரும் பேனர்ல எழுத மாட்டாங்க. ஆனா நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும், வோல்டேஜ ஏத்தறதே கூட பவர் அனுப்பத்தான், நாளைக்கு அந்த லைன் முழுசா நிரம்பினா கரண்ட்டும் பழைய இடத்துக்கு வந்து நிக்கும். அதனால கேக்க வேண்டியது வோல்டேஜ் எவ்ளோன்னு இல்ல, உச்ச நேரத்துல எத்தனை ஆம்பியர், வழித்தட ஓரத்துல எத்தனை மைக்ரோடெஸ்லான்னு.

வோல்டேஜால நிஜமாவே கூடற தொல்லை வேற. தூறல் விழற ராத்திரில 400 கேவி லைனுக்கு கீழ நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், எண்ணெய்ல ஏதோ பொரியற மாதிரி ஒரு சத்தம், அதுக்கு அடியில ஒரு ஹூம்னு ரீங்காரம். கம்பியோட மேல்தோல்ல காத்து மின்சாரத்தால உடைஞ்சு சிதறுற சத்தம் அது. பேரு கொரோனா. வைரஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, பேரு இது ரொம்ப வருஷமா இருக்கறது. அதுக்குக் கீழ டியூப்லைட்ட கைல புடிச்சா லேசா எரியும், அது மின்புலத்தால. எரியுதுன்னு வீடியோ எடுத்துப் போட்டு பயமுறுத்துறது ரொம்ப ஈஸி, ஆனா அந்த வெளிச்சத்துக்கு தேவையான கரண்ட் ரொம்ப ரொம்ப சின்னது. ஜன்னல் பக்கத்துல ராத்திரி பூரா அந்த பொரியல் சத்தம் கேக்கறது நியாயமான புகார்தான், அத புற்றுநோய் கதையா மாத்த வேண்டிய அவசியமே இல்ல.

"பூமிக்கடியில போட்டா போச்சு"

எல்லா மீட்டிங்லயும் இது வரும், கம்பெனிக்காரர் செலவு ஜாஸ்தின்னு சொல்வார், கூட்டம் "எங்க உயிர விட காசு பெருசா"ன்னு கத்தும். செலவு பல மடங்குங்கறது உண்மைதான், ஆனா அது மட்டுமே காரணம் இல்ல, அதுக்கு அடியில பிசிக்ஸ் இருக்கு.

மேல போற கம்பிக்கு உறையே கிடையாது, சுத்தி இருக்கற காத்துதான் இன்சுலேஷன், அதே காத்துதான் ஃபேன். பூமிக்கடியில போற கேபிளுக்கு தடிமனான பிளாஸ்டிக் உறை, மேல மண்ணு. வெயில்ல கம்பளி போத்திட்டு ஓடற மாதிரி. சூடு வெளிய போக வழியில்ல, அதனால அதே பவருக்கு இன்னும் தடிமனான கேபிள், இல்லனா ரெண்டு செட் கேபிள் வேணும்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கம். காஞ்ச துணில தண்ணி ஊத்தினா அது முதல்ல ஊறும், அப்புறம்தான் அந்தப் பக்கம் சொட்டும். கேபிளும் அப்படித்தான், அதோட உறை கொஞ்சம் மின்சாரத்த ஊறிக்கும். ஏசி மின்சாரம் (ஏர் கண்டிஷனர் இல்ல, நம்ம லைன்ல ஓடற வகை) நொடிக்கு நூறு தடவை திசை மாறும், ஒவ்வொரு தடவையும் கேபிள் ஊறணும், பிழியணும், திரும்ப ஊறணும். இப்படி ஊறறதுக்கே ஓடற கரண்ட்டுக்கு சார்ஜிங் கரண்ட்னு பேரு. மேல போற லைன்ல இது சின்னது. 400 கேவி கேபிள்ல கிலோமீட்டருக்கு சுமார் 15 ஆம்பியர் வரும். 60 கிலோமீட்டர் போனா 900 ஆம்பியர், அதாவது கேபிளோட கொள்ளளவுல பெரும்பங்கு ஊறறதுக்கே போயிடும், சொட்டறதுக்கு அதிகம் மிச்சம் இருக்காது. நடுநடுவுல அதுக்குன்னு இயந்திரம் வச்சு சரிக்கட்டலாம், அதுவும் ஒரு எல்லை வரைக்கும்தான். அதனாலதான் அஞ்சு பத்து கிலோமீட்டர் கேபிள் சாதாரணம், நூத்துக்கணக்குல ஏசி கேபிள் அபூர்வம். ஜெர்மனில சூட்லிங்க்னு சுமார் 700 கிலோமீட்டர் லைன பூமிக்கடியிலயே கொண்டு போறாங்க, மேல டவர் வேணாம்னு பவேரியா பக்கம் எழுந்த எதிர்ப்பால வந்த முடிவுதான் அது. ஆனா அது டிசி. டிசி திசை மாறாது, ஒருதடவை ஊறினா ஊறினதுதான். ரெண்டு முனைலயும் ஏசிய டிசி ஆக்க பிரம்மாண்டமான நிலையம் வேணும்ங்கறது தனிக்கதை.

கேபிள் கெட்டா என்ன ஆகும்னு பாக்கணும்னா ஆக்லாந்த் கதை இருக்கு. 1998 தொடக்கத்துல, நியூசிலாந்தோட அந்த பெரிய நகரத்தோட நடுப்பகுதிக்கு பவர் கொண்டு வந்த நாலு 110 கேவி கேபிளும் ஒரு மாசத்துக்குள்ள ஒண்ணொண்ணா போச்சு. வறண்ட கோடை, மண்ணு காஞ்சு சூட்ட கடத்தாம போனதும், ரெண்டு கேபிள் போனபின்ன மிச்சம் ரெண்டு மேலயும் சுமை ஏறினதும் அதுல பங்கு. நகரத்தோட வணிகப் பகுதி சுமார் அஞ்சு வாரம் தடுமாறுச்சு. மேல போற லைன் அறுந்தா எங்கன்னு கண்ணால பாத்து சீக்கிரமா சரி பண்ணிடலாம். கேபிள் கெட்டா எங்கன்னு கண்டுபிடிச்சு, தோண்டி, ஒட்டு போட்டு முடிக்க வாரக்கணக்கு ஆகும். கடைசில அவங்க அவசரத்துக்கு செஞ்சது என்ன தெரியுமா, ரயில் பாதை ஓரமா தற்காலிகமா ஒரு ஓவர்ஹெட் லைன் இழுத்தாங்க!

காந்தப்புலமும் பூமிக்கடியில போயிடாது. மண்ணு அத தடுக்காது. கேபிளுக்கு நேர் மேல நின்னா டவருக்குக் கீழ இருக்கறத விட அதிகமாவே இருக்கலாம், ஏன்னா நீங்க ஒரு மீட்டர் தூரத்துலதான் நிக்கிறீங்க. ஆனா கேபிள்கள் நெருக்கமா இருக்கறதால ஒண்ணோட புலத்த இன்னொண்ணு அடிச்சிடும், சில மீட்டர் தள்ளிப் போனா சர்ருன்னு குறைஞ்சிடும்.

சுருக்கமா: நகரத்துக்குள்ள சில கிலோமீட்டருக்கு கேபிள் போடலாம், முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முழு லைனையும் புதைங்கன்னு யாராவது கேட்டா அதையும் நம்பாதீங்க.

ஒரு சிட்டி நிஜமாவே ஜெயிச்ச கதை

கலிஃபோர்னியால சீனோ ஹில்ஸ்னு ஒரு நகரம். டெஹாசப்பி பக்கம் இருக்கற காத்தாலை மின்சாரத்த லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கொண்டு வர்ற பெரிய திட்டம், அதுல 500 கேவி லைன் இந்த ஊர் வழியா. வழித்தடம் புதுசு இல்ல, பழைய லைனுக்குன்னு ஏற்கனவே இருந்த 150 அடி அகலம்தான், ரெண்டு பக்கமும் வீடுங்க ஒட்டி நிக்குது. பிரச்சினையே அங்கதான். பழைய சின்ன டவருக்கு எழுதிக் கொடுத்த இடத்துல கிட்டத்தட்ட 200 அடி உயர டவர் வந்தா எப்படி?

மாநில மின் ஒழுங்குமுறை ஆணையம் 2009ல ஒத்துக்கிச்சு. நகரம் கோர்ட்டுக்குப் போச்சு, இந்த வழித்தட உரிமை இவ்ளோ பெரிய சுமைக்கு கொடுத்தது இல்லன்னு. கோர்ட்டு அதுக்குள்ள போகவே இல்ல, இது ஆணையத்தோட அதிகாரம், எங்களுது இல்லன்னு 2011ல கைய விரிச்சது. இது தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம், பல நாடுகள்ல ட்ரான்ஸ்மிஷன் லைன்ல கடைசி வார்த்தை நகராட்சிக்கு கிடையாது, மேல இருக்கற ஆணையத்துக்குத்தான். நகராட்சி தீர்மானம் அரசியல் அழுத்தம், அவ்ளோதான், உத்தரவு இல்ல.

இதுக்குள்ள டவர் எழும்பிடுச்சு. படத்துல பாத்தப்ப தலையாட்டினவங்ககூட நேர்ல கொல்லைப்புறத்துக்கு மேல நிக்கிறத பாத்ததும் ஆடிப் போயிட்டாங்க. 2011 கடைசில ஆணையமே அந்த ஊர் பகுதி வேலைய நிறுத்தி வச்சது. 2013 ஜூலைல 3க்கு 2ங்கற ஓட்டுல தன்னோட பழைய முடிவையே மாத்தி, ஊருக்குள்ள சுமார் மூணரை மைலுக்கு பூமிக்கடியில போடுங்கன்னு சொல்லிட்டாங்க. நின்ன டவர பிரிச்சாங்க. 2016 டிசம்பர்ல கேபிள்ல கரண்ட் ஓடுச்சு.

ஜெயிக்க வச்சது புற்றுநோய் பயம்னு நான் நினைக்கல. வழித்தடம் குறுகல், வீடு ரொம்ப கிட்ட, கேபிள் தூரம் பிசிக்ஸ் அனுமதிக்கிற அளவுக்குள்ள, இந்த மூணும் ஒண்ணா அமைஞ்சது. நகரமும் லட்சம் லட்சமா டாலர கொட்டி தன் பக்கத்துக்கு இன்ஜினியர், வக்கீல் வச்சு மாற்றுத் திட்டத்த தாள்ல வரைஞ்சு கொடுத்தது. வேணாம்னு மட்டும் சொல்லிட்டு உக்காரல.

கூடுதல் செலவு 20 கோடி டாலருக்கு மேல. அத சீனோ ஹில்ஸ் மக்கள் மட்டும் கட்டல, அந்த மின் கட்டமைப்ப பயன்படுத்தற எல்லாரோட பில்லுலயும் பிரிஞ்சு ஏறுச்சு. அதே திட்டத்துல மத்த ஊர்கள்ல டவர் டவராத்தான் நிக்குது, இந்த ஊரு கேபிளுக்கு அவங்களும் சேர்ந்துதான் கட்றாங்க. இது நியாயமான்னு கேட்டா எனக்கு ரெண்டு பக்கமும் தோணுது, சீனோ ஹில்ஸ்ல வீடு இருந்திருந்தா ஒரு பக்கம்தான் தோணியிருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், பேனர்ல எப்பவும் விட்டுப் போறது. மேல வர்ற லைன் எங்கயோ ஒரு இடத்துல மண்ணுக்குள்ள இறங்கணும், திரும்ப எங்கயோ ஏறணும். அந்த ரெண்டு இடத்துலயும் வேலி போட்ட ஒரு யார்டு வேணும், உள்ள கம்பத்து மேல ஆளுயரத்த விட பெரிய இன்சுலேட்டர் வரிசையா நிக்கும், மேல இருந்து ஒவ்வொரு கம்பியும் அதுல வந்து இறங்கி கேபிளா மாறி தரைக்குள்ள போகும். அந்த யார்டும் யாராவது ஒருத்தர் வீட்டு ஜன்னலுக்கு எதிர்லதான் வரும்.